அப்பாவின் தோளில் ஒரு வர்ணம்

வயலினை நின்றுகொண்டும் வாசிப்பார்கள் என்பது இருபத்திரண்டு வயதுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் மியூசிக்கில் டிகிரி வேறு வாங்கியிருந்தேன். வெளிநாட்டு வித்வான்கள் நின்று வாசிக்கிற படங்களைப் பார்த்ததுண்டு. போட்டோவுக்காக எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். (சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் போட்டோ என்றால் அப்படித்தான். அம்மாகூடக் கரண்டியை வைத்துவிட்டு விறைப்பாக வந்து நிற்பாள்.)

அறுபதுகளின் நடுவில் நெய்வேலியில் ஜெர்மன் இஞ்சினியர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய அக்கா ஜெர்மனியில் ஓர் இசைக் கல்லூரியில் வயலின் பேராசிரியை. தம்பியைப் பார்க்க வந்திருந்தார். நிலக்கரி மைன்ஸில் அந்த இஞ்சினியரிடம் வேலை பார்த்த அப்பா, கூச்சமே இல்லாமல் என் மேல்படிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் வாசித்துக் காட்டவேண்டும். அம்மையாருக்குப் பிடித்தால் உதவித்தொகையோடு சேர்த்துக்கொள்வார்கள்.

அம்மா கறாராகச் சொன்னாள்: "அந்தம்மா கையெழுத்துப் போட்டா பொட்டி கட்டு. இல்லன்னா வடலூர் மாப்பிள்ளை வூட்டுக்குச் சரின்னு சொல்லியனுப்பிடுவேன்."

நான் வடலூரைத் துச்சமாக நினைத்தேன். எங்கள் பிளாக்கில் வீடு வீடாகப் போய் விடைபெற்றுக்கொண்டும் வந்துவிட்டேன்.

இஞ்சினியரின் பங்களா ஹாலில் பாயைக் காணோம். கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அம்மையார் பதறிப்போய்க் கையைப் பிடித்து எழுப்பினார். தனி வாசிப்பென்றால் அங்கே நின்றுதான் வாசிக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் அன்பாகச் சொன்னார்.

நம் முறையில் வயலினின் அடி தோளில் இருக்கும், தலை கணுக்காலில் இருக்கும். எழுந்து நின்றால் கணுக்காலுக்கு எங்கே போவது? மோவாயால் இடுக்கிக்கொண்டு வர்ணத்தை ஆரம்பித்தேன். முதல் கமகத்திலேயே விரலோடு வயலினும் வழுக்கிக்கொண்டு போனது. பட்டுப்புடவை வேறு. பிடித்தேன், மறுபடி வழுக்கியது. பல்லவி முடிவதற்குள் நான் சோபாவிலிருந்து ஜன்னல்வரை நகர்ந்திருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கதவோரம் நின்ற அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று வந்து, எனக்கு முதுகைக் காட்டி மண்டிபோட்டார்.

"எந் தோள்மேல வெச்சிக்கினு வாசிம்மா. நான் அசைய மாட்டேன்."

"ஏந்திரிங்கப்பா, பாக்குறாங்க."

"பாக்கட்டும். பாக்கத்தானே வரச்சொன்னாங்க?"

வைத்தேன், வாசித்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. ஆனால் அசைய மாட்டேன் என்ற மனிதர் தொடையில் தாளம் போட்டார். நல்ல இடம் வந்தபோதெல்லாம் தலையை ஆட்டினார். வயலினும் கூடவே ஆடியது. இரண்டு முறை "ஆகா" என்றார்.

அம்மையார் கடைசிவரை கேட்டார், கைதட்டினார். பிறகு மிக மரியாதையாக ஒன்று கேட்டார்: "உங்கள் தந்தையும் இரண்டு வருடம் எங்களோடு தங்குவாரா?"

கேலியில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் மொழிபெயர்த்ததும் அப்பா தீவிரமாக யோசித்தார்.

"அவ்ளோ நாளு லீவு கெடைக்காதுங்களே!"

கையெழுத்து விழவில்லை. வடலூருக்கு ஆள் போனது. அப்பா மட்டும் பல நாள், "நான் தலைய ஆட்டாம இருந்திருக்கணும்" என்று தன்னையே நொந்துகொண்டிருந்தார். அவரைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

இன்றும் எங்கள் வீட்டில் யாருக்கு எது கை நழுவிப்போனாலும், என் கல்யாணத்தில் அப்பா சொன்ன பதிலைத்தான் சொல்கிறோம். பந்தியில் என் மாமனார், "பொண்ணு ஜெர்மனிக்குப் படிக்கப் போறதா இருந்துச்சாமே, ஏன் போவலீங்க?" என்று கேட்டுவைத்தார். அப்பா சாம்பார் வாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சீட்டு ஒண்ணுதான் இருந்துச்சுங்க. நாங்க ரெண்டு பேரு இல்ல?"