மேற்கே சூலம்

கௌரிசங்கர் அண்ணையை இரண்டு கிழமைக்கு வீட்டை விட்டுப் போகவிடுவதில்லை என்று பிரசன்னா முடிவெடுத்தான். கலியாணம் கட்டிய பிறகு அவன் சொந்தமாக எடுத்த முதல் முடிவு அது. அதற்கு முந்தியவை எல்லாவற்றையும் தாட்சாயினிதான் எடுத்திருந்தாள். ஒன்றுகூடப் பிழையாகப் போனதில்லை என்பது அவனுக்கு நீண்ட நாள் கவலை.

கௌரி அண்ணை மேல் அவனுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. அவன் சிட்னிக்கு வந்து இறங்கிய காலத்தில் தன் அறையில் பாதியைக் கொடுத்தவர். கலியாணமே கட்டாத மனிசன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பரமட்டாவில் இருந்த பிளாட்டை விற்று, கட்டிலும் குசினியும் உள்ள ஒரு பெரிய மோட்டர்ஹோம் வாங்கி, நாட்டைச் சுற்றிப் பார்க்க வெளிக்கிட்டுவிட்டார். பிரசன்னா பிறகு குடியேறிய ட்ருகனினாவில், அவன் வீட்டு வாசலில் புதன்கிழமை வந்து நின்றார். வெள்ளி காலை அடிலெயிட் போவதாக ஏற்பாடு.

ஆனால் காரியம் பாசமல்ல, லீவு. பிரசன்னாவுக்கு ஜனவரியில் இரண்டு கிழமை லீவு கிடைத்திருந்தது. சோபா, ரீவி, கிரிக்கெட் என்று அவன் கனவு கண்டான். தாட்சாயினியும் அதே லீவைப் பற்றிக் கனவு கண்டிருந்தாள். அவள் கனவில் பின்வளவில் மரத்தளமான டெக்கின் கிளம்பிய பலகைகள் இருந்தன. பெயின்ற் உரிந்த வேலி இருந்தது. மூடினால் திறக்காத, திறந்தால் மூடாத, உடுப்புத் தோய்க்கிற லோன்றி அறையின் கதவும் இருந்தது.

விருந்தாளி நிற்கிற வீட்டில் யாராவது சுத்தியலைத் தூக்குவார்களா? முறையில்லையே. அண்ணை நிற்கும்வரை சோபா தன்னுடையது. பிரசன்னாவின் கணக்கு அவ்வளவுதான்.

வெள்ளி காலை அண்ணை, “அப்ப நான் போட்டு வாறன்” என்று வண்டித் திறப்பைக் கையில் எடுத்தார்.

“எந்தப் பக்கமாப் போறியள் அண்ணை?”

“அடிலெயிட்டுக்கு எந்தப் பக்கம் போறது? மேற்கைதான்.”

“இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ.”

“ஓம். அதுக்கு?”

“வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அந்தத் திசையிலை பயணம் போகக்கூடாது அண்ணை. அதுவும் தனியப் போற ஆள் நீங்கள்.”

மளிகைக் கடைக்காரன் கொடுத்த காலண்டரை அதுவரை பிரசன்னா பொது விடுமுறை தேட மட்டுமே பார்த்திருந்தான். முதல் நாள் இரவுதான் அதன் அடிப்பக்கத்தை முதன்முறையாகப் படித்தான். ராகு காலம், எமகண்டம், சூலம், அட்டமி, நவமி. மனிதன் வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருக்க இவ்வளவு வசதி செய்து வைத்திருக்கிறார்களே என்று அவனுக்குப் புல்லரித்துப் போனது.

தாட்சாயினி வாசலுக்கு வந்தாள். கணவனைப் பார்த்தாள். காலண்டர் தொங்கிய பக்கம் ஒருமுறை பார்த்தாள். சிரிக்கவில்லை. அவள் சிரிக்காதபோதுதான் பயப்பட வேண்டும் என்று பிரசன்னா இன்னும் படிக்கவில்லை.

“இவர் சொல்றது சரிதான் அண்ணை. சூலத்துக்கு எதிராப் போகாதேங்கோ. வண்டியிலை இருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன்.”

கொண்டு போனவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பினாள். பின்னால் அண்ணை வந்தார். “சரி தம்பி, நிப்பம்” என்றார்.

பிரசன்னா சோபாவில் சாய்ந்தான். மூன்று ஓவர் போயிருக்கும். பின்பக்கத்தில் டொக் டொக் என்று சத்தம். பிறகு ‘ர்ர்ர்’ என்று ஒரு மிசின் சத்தம். எழும்பிப் போய்ப் பார்த்தால் கௌரி அண்ணை டெக்கில் முழங்காலில் நிற்கிறார். பக்கத்தில் ட்ரில், மரம் அறுக்கிற வாள், சுத்தியல். மோட்டர்ஹோமின் அடிவயிற்றில் ஒரு கடையையே வைத்திருந்தார் மனிசன்.

“அண்ணை, இதென்ன வேலை? விடுங்கோ!”

“சும்மா இருக்கேலாது தம்பி. எனக்குக் கை அரிக்குது.”

தாட்சாயினி யன்னலுக்குள்ளிருந்து மெல்லச் சொன்னாள். “நீங்கள் போய்ப் படுங்கோ. உங்களுக்கு லீவெல்லோ. வந்த மனிசன் வெய்யிலுக்கை நிண்டு எங்கட டெக்கைத் திருத்தட்டும். பக்கத்து வீட்டுக்காரர் பாத்தாலும் ஒண்டும் நினைக்கமாட்டினம்.”

ஏசியிருந்தால் படுத்திருப்பான். சண்டை பிடித்திருந்தால் நிச்சயமாகப் படுத்திருப்பான். ‘படுங்கோ’ என்று சொன்ன பிறகு எந்த ஆண்மகனால் படுக்க முடியும்? பலகையைப் பிடிக்கப் போனான். பொழுதுபடும்வரை பிடித்துக்கொண்டே நின்றான்.

சனிக்கிழமை காலை படுக்கையை விட்டு எழும்ப அவனுக்கு இரண்டு கையாலும் கட்டிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. நேரே காலண்டருக்குப் போனான்.

“அண்ணை, இண்டைக்குச் சூலம் கிழக்கை! மேற்குக்கு ஒரு தடையும் இல்லை. தாராளமாப் போகலாம்.”

“ஒம்பதுக்கு ராகு காலம்” என்றாள் தாட்சாயினி தோசையைத் திருப்பியபடி.

“அது பத்தரையோட முடியுது.”

“ஆற்றை பத்தரை? கோடைக்கெண்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கினம். ராகுவும் தள்ளித்தானே முடிவார்? பதினொண்டரை.”

“சரி, பதினொண்டரைக்குப் போகட்டும்.”

“சாப்பிடாமலோ அனுப்பிறது? சாப்பிட்டு எழும்ப ரெண்டரை. எமகண்டம். அதே ரெண்டரைக்கு யாழ்ப்பாணத்து ராகு காலமும் தொடங்கும்.”

“யாழ்ப்பாணத்து ராகு காலம் ட்ருகனினாவிலை ஏன்?”

“அண்ணை எங்கை பிறந்தவர்?”

பிரசன்னா விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். அண்ணை அடுத்த தோசையை எடுத்தார்.

“நாலு மணிக்கு எல்லாம் முடியுது தாட்சா. அப்ப போகலாமெல்லோ?”

“போகலாம். பொழுதுபட ரோட்டிலை கங்காரு குறுக்கை பாயும். அது பஞ்சாங்கம் பாக்கிறேல்லை.”

சும்மா சொல்லக்கூடாது. இந்தப் பெண் ஒரு பஞ்சாங்கமும் படித்தவளில்லை. கணவன் இரவிரவாகப் படித்ததைக் காலையில் தோசை சுடும் நேரத்தில் அவனைவிட நன்றாகப் படித்துவிட்டாள். இரண்டு நாட்டு ராகு காலத்தை ஒரே வீட்டில் குடியேற்றிய முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். இடுப்பு வலிக்குள்ளும் பிரசன்னாவுக்கு ஒரு பெருமை வந்தது. யாரிடமும் சொல்ல முடியாத பெருமை.

ஞாயிறு மறுபடி மேற்கே சூலம். டெக் முடிந்து, வேலிக்கு முதல் பூச்சு. திங்கள் எமகண்டம் தப்பி வர மத்தியானமாகிவிட்டது, பாதி பெயின்ற் அடித்த வேலியை விட்டுவிட்டு அண்ணைக்கும் போக மனமில்லை. செவ்வாய்க்கிழமை பயணம் வெளிக்கிடுவது அவர்கள் ஊர்வழக்கத்திலேயே இல்லை. புதன் அட்டமி, லோன்றிக் கதவைக் கழற்றினார்கள். வியாழன் நவமி, கதவைத் திரும்ப மாட்டினார்கள். ஒருநாள் பிரசன்னா, “எனக்கு உந்தச் சாத்திரத்திலை நம்பிக்கை போட்டுது” என்று அறிவித்துப் பார்த்தான். “சூலத்தைப் பகிடி பண்ணாதேங்கோ” என்று தாட்சாயினி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணையும் போட்டுக்கொண்டார். தலைமயிரில் பெயின்ற்றோடு பிரசன்னாவும் போட்டுக்கொண்டான். யாருக்குத் தெரியும்?

வியாழன் பின்னேரம் மூவரும் டெக்கில் கதிரை போட்டு இருந்தார்கள். ஒரு பலகையும் ஆடவில்லை. வேலி புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது. தாட்சாயினி எழும்பிப் போய் லோன்றிக் கதவை ஒரு விரலால் மூடினாள், ஒரு விரலால் திறந்தாள். திரும்ப மூடினாள். அவள் முகத்தில் வந்த சந்தோசத்தைப் பார்க்க அவனுக்கு மனம் நிறைந்துவிட்டது.

“வடிவாத்தான் இருக்கு” என்றான்.

“நீங்கள் செய்தது எல்லோ” என்றாள். பிரசன்னா கொஞ்சம் நிமிர்ந்து இருந்தான்.

மறுநாள் மிஞ்சிய பெயின்ற்றைக் கடையில் கொடுத்துவிட்டு அவன் திரும்பி வரும்போது பன்னிரண்டு மணி. வாசலில் மோட்டர்ஹோம் உறுமிக்கொண்டிருந்தது. தாட்சாயினி இடியப்பப் பார்சலை யன்னலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தாள். பிரசன்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கிழமைப் பயிற்சி அப்படி.

“அண்ணை, நில்லுங்கோ! இண்டைக்கு வெள்ளி. மேற்கே சூலம். இப்ப ராகு காலமும் நடக்குது!”

கௌரி அண்ணை யன்னலால் கையை நீட்டி அவன் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலில் உண்மையான பாசம் இருந்தது.

“எனக்கு உதுகளிலை ஒரு நாளும் நம்பிக்கை இல்லைத் தம்பி. வேலை முடியுமட்டும் நம்பச் சொல்லித் தேத்தண்ணியோட வந்து கேட்டது தங்கச்சிதான். போட்டு வாறன், என்ன?”

வண்டி பின்னுக்கு நகர்ந்து, திரும்பி, மேற்குப் பக்கமாகப் போனது. பிரசன்னா மெல்லத் தாட்சாயினியைப் பார்த்தான்.

“கையைக் காட்டுங்கோ, அண்ணை போறார்” என்றாள் அவள். “உங்களுக்கு இன்னும் ஒரு கிழமை லீவு கிடக்கெல்லோ. திங்கக்கிழமை எங்கட சஞ்சீவ் அண்ணை வந்து நிக்கப் போறார். அவர் பாத்ரூமுக்கு ரைல்ஸ் ஒட்டுறவர்.”