தனசிங் நடத்திய பிதாகரஸ் பாடம்

தென்சென்னைப் புறநகரின் கல்வி வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: தனசிங் ராஜினாமா செய்வதற்கு முன், செய்த பின். நாவலூர் ஐ.டி. கம்பெனியொன்றில் பதினெட்டு வருஷம் 'டெலிவரி மேனேஜராக' இருந்து, எதையும் டெலிவரி செய்யாமலே மூன்று பிரமோஷன் வாங்கிய மகான் அவர். ஒரு நாளைக்கு ஆறு மீட்டிங். அதில் நான்கு, அடுத்த மீட்டிங் எப்போது என்று முடிவுசெய்ய.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"ஜோசலின், நான் பி.எட். படிச்சு கணக்கு வாத்தியார் ஆகப்போறேன்."

"பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"ஒரே ஒரு பிள்ளைக்கு பிதாகரஸ் தேற்றம் புரிஞ்சா போதும். கர்த்தர் குடுத்த வாழ்க்கைக்கு அர்த்தம் வந்துடும்."

"சரி. நாற்பது நாள் டீச்சிங் பிராக்டிஸ் வரும்ல? அதுல ஒரு பிள்ளைக்காவது புரியவைங்க. இல்லேன்னா மறுபடி நாவலூர்."

தாம்பரத்துப் பள்ளியொன்றில் டீச்சிங் பிராக்டிஸின் முதல் நாள். தலைமையாசிரியை சுந்தரவல்லி, "ஐ.டி.யா சார் நீங்க?" என்று கேட்டார். அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. கையோடு கூட்டிப்போய்ப் பள்ளியின் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்.

கல்விப் பணி தொடங்கியது! மாணவர்களின் உயரம், எடை, செருப்பு அளவு, ஒவ்வொருவரும் மரக்கன்றோடு நிற்கும் போட்டோ, அந்த மரக்கன்றின் உயரம், எல்லாவற்றையும் கல்வித் துறை இணையதளத்தில் 'உடனடியாக' ஏற்ற வேண்டும். நெட் வந்தால் ஏற்றலாம். நெட் வராவிட்டால், வரும்வரை காத்திருக்கலாம்.

"மேடம், ஒன்பதாம் வகுப்பு 'பி'யில ஒரே ஒரு பீரியட்..."

"தாராளமா சார்! செருப்பு சைஸ் மட்டும் முடிச்சிட்டுப் போங்க."

கணக்கு ஆசிரியர் ஜெபராஜோ, 'பாடம் நடத்துவது எப்படி' என்ற பயிற்சிக்கு ஜூன் மாதமே போனவர். அவ்வப்போது வந்து, தனசிங்கின் பாடத்திட்ட நோட்டில் 'மிகச் சிறப்பாக நடத்தினார்' என்று நேர்மையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் பயிற்சிக்குப் போனார். நோட்டில் முப்பத்தொன்பது நாளும் பாடம் மிகச் சிறப்பாகவே நடந்தது.

நாற்பதாம் நாள் நெட் போனது. விட்டால் போதுமென்று ஓடினார் தனசிங், ஒன்பதாம் வகுப்பு 'பி'க்கு. போர்டில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தார்.

முதல் பெஞ்சில் ஆஷா கையைத் தூக்கினாள். "சார், இந்த சாஞ்ச கோடு மட்டும் ஏன் சார் எப்பவுமே பெருசா கீது?"

ஆகா! இந்தக் கேள்விக்காகத்தானே அத்தனை சம்பளத்தையும் விட்டுவிட்டு வந்தார்! பெற்ற மகள் முதல்முறை "அப்பா" என்றபோதுகூட இப்படிப் பூரித்ததில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"தனசிங் சார்! நெட் வந்துடுச்சு!" என்று வராந்தாவிலிருந்து சுந்தரவல்லியின் குரல்.

சாக்பீஸ் கையிலேயே இருந்தது. யாரும் இழுக்கவில்லை, தள்ளவில்லை. கால்கள் தாமாகவே வாசலுக்கு வந்துவிட்டன.

"ரெண்டே நிமிஷம்மா, ஏத்திட்டு ஓடி வந்துடறேன்."

ஆஷா நோட்டை மூடி வைத்தாள்.

"பரவால்ல சார், போங்க. இத்தினி நாளா உங்கள கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவர்னு நெனச்சிகினு இருந்தோம். இப்பதான் தெரியுது, நீங்க அசல் வாத்தியாரேதான்!"