பத்து நிமிஷம் திருடியவர்

எங்கள் ஊர் ஹைஸ்கூலில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த அத்தனை பேரையும் பாஸ் செய்ய வைத்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது; சம்பளப் பட்டியலில் கைநாட்டு. இப்படி நான் எழுதினால் எனக்குப் பாடம் சொன்ன வாத்தியார்களின் பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

அவர் பள்ளிக்கூடத்துப் பியூன். போடிக்கு ரயில் பாதை போட்டபோது மிஞ்சிய தண்டவாளத் துண்டு ஒன்று எங்கள் பள்ளிக்கூட வேப்பமரத்தில் தொங்கியது. அதுதான் மணி. அதை அடிக்கிறவர் என்பதால் அவருக்கும் தண்டவாளம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கும். ஆனால் புருஷன் பெயரை அந்த அம்மாள் வாயால் சொல்வாரா?

பொத்தான் போன காக்கிக் கோட்டும், அதன் பையில் ஒரு பித்தளைச் சாவியும் அவருடைய சொத்து. ஹெட்மாஸ்டர் அறைச் சுவரில் இருந்த கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். ஹெட்மாஸ்டரிடம் ஒரு பாக்கெட் கடிகாரம் இருந்தது. அது வாரத்தில் நாலு நாள் ஓடும். நின்றுபோனால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்.

படிப்பைப் பற்றித் தண்டவாளத்துக்குப் பெரிய மரியாதை கிடையாது. பரீட்சையைப் பற்றி மட்டும் கணக்கில்லாத சித்தாந்தங்கள் உண்டு. பரீட்சைக்கு முன்னால் எவனாவது பானைப் பக்கம் போனால் பாய்ந்து வருவார்.

"ஏலே, தண்ணி குடிக்காத! பாதிப் பரீட்சையில வெளிய போகணும்ப. போய்ட்டு வர்றதுக்குள்ள படிச்சதுல பாதி அங்கனயே போயிரும்!"

முதல் மார்க்கு வாங்குகிறவனுக்கு மாதப் பரீட்சையில் ஆடுகிற பெஞ்சைத்தான் போடுவார். ஆடாத பெஞ்சாக இருந்தால் ஒரு காலுக்கடியில் கொட்டாங்கச்சிச் சில்லை வைத்து ஆடச் செய்வார். கேட்டால், "ஆடுற பெஞ்சில எழுதிப் பழகுனவன் எங்கன போனாலும் எழுதுவான்" என்பார். எனக்கு எப்போதும் நல்ல பெஞ்சுதான் கிடைத்தது. அதிலிருந்தே என் படிப்பின் லட்சணத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

உண்மையில் எனக்கு நிலைமை மோசம். போன வருஷம் பரீட்சையில் கணக்கில் கவிழ்ந்து மறுபடி உட்கார்ந்தவன் நான். தெரியாமல் இல்லை; கை மெதுவு. கடைசிக் கணக்குக்குப் போவதற்குள் மணி அடித்துவிடும். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "இந்த வாட்டியும் போச்சுன்னா மேகமலையில ஒங்க மாமாகிட்ட ஏலக்காய் காயவைக்கப் போயிரு." மாமாவுக்கு என்னைப் பிடிக்காது. மேகமலையின் அட்டைகளுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். போன லீவிலேயே அது நிரூபணமாகியிருந்தது.

அந்த வருஷம் பரீட்சைக்கு ஆயத்தமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டரை மணி நேரம் மாதிரிப் பரீட்சை என்று ஹெட்மாஸ்டர் உத்தரவு போட்டார். பத்து மணிக்கு ஆரம்பம், பன்னிரண்டரைக்கு மணி. தை மாதம் வரைக்கும் ஒருவனும் முழுசாக எழுதி முடிக்கவில்லை. "கேள்வி ரொம்ப அதிகம் சார்" என்று முணுமுணுத்தோம். ஹெட்மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் எழுதிக் காட்டுறேன்" என்று அடுத்த சனிக்கிழமை எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து இங்கிலீஷ் பேப்பர் எழுதினார். கடைசி வாக்கியத்தின் நடுவில் மணி அடித்தது. பேனாவை வைத்துவிட்டு வேப்பமரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கேள்வியைக் குறைப்பார் என்று நாங்கள் நினைத்தோம். அவரோ, "வேகம் போதாது. எனக்கும் போதாது" என்று சொல்லி, மறுவாரத்திலிருந்து அவரும் எங்களோடு எழுதிப் பழக ஆரம்பித்துவிட்டார்.

விஷயம் இதுதான். சனிக்கிழமைதோறும் பரீட்சை ஆரம்பித்து எல்லோரும் தலையைக் குனிந்ததும், தண்டவாளம் ஹெட்மாஸ்டர் அறைக்குள் போய்ப் பெரிய முள்ளைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளிவிடுவார். பரீட்சை முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பழையபடி நகர்த்திவைப்பார். எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி இருபது நிமிஷம்தான். இது அப்போது ஒரு ஈ எறும்புக்கும் தெரியாது.

சந்தேகப்பட்டவர் ஒருவர் உண்டு, கடைத்தெரு ஏலக்காய்க் கடைக்காரர். போடி பஸ் எங்கள் பன்னிரண்டரை மணியைக் கேட்டுத்தான் கிளம்பும். மூன்று சனிக்கிழமை பஸ்ஸைத் தவறவிட்ட கடைக்காரர், மேஜைக் கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"என்னய்யா, என் கடிகாரத்துல இன்னும் மணியே ஆகல, நீ அடிச்சுப்புட்ட?"

தண்டவாளம் அந்தக் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொதலாளி, இது எங்கன வாங்குனது?"

"மதுரையில."

"அதான் பாத்தேன். அங்கன மலை கெடயாது. நம்ம பக்கம் ரெண்டு பக்கமும் மலை. மதுரைக் கடிகாரத்துக்கு இங்கன உள்ள வெயிலு பிடிபடாது. மலையடிவாரத்துல கொஞ்சம் முன்னத் தள்ளித்தான் வைக்கணும்."

ஏலக்காயில் பூச்சி இருந்தால் மூடின சாக்குக்கு வெளியிலிருந்தே சொல்லிவிடுகிற மனிதர் அவர். இதை நம்பினார். முள்ளைத் தள்ளி வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு சனிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் பத்து நிமிஷம் முன்னதாக வந்து பஸ்ஸுக்காக வெயிலில் நின்றார்.

பங்குனி பிறந்தது, பெரிய பரீட்சையும் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. ஆனால் மதுரையிலிருந்து ஒரு சூப்பரின்டெண்டெண்ட் வந்திருந்தார். கையில் கடிகாரம் கட்டியிருந்தார். அவர் விரலை அசைத்தால்தான் தண்டவாளம் மணியை அடிக்கலாம். முதல் நாள் இங்கிலீஷ். எழுதிக்கொண்டே வந்தோம். முடித்தோம். நாங்கள் முப்பத்திரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுதுவதை நிறுத்தி, பேனா முள்ளை வழக்கம்போலத் தலைமயிரில் துடைத்து, கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தோம். மணி அடிக்கவில்லை.

சூப்பரின்டெண்டெண்ட் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அவர் சர்வீஸில் "ஒரு நிமிஷம் சார், ஒரே நிமிஷம்" என்று கெஞ்சாத ஹாலை அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. மணி அடித்துப் பேப்பரை வாங்கியதும் ஒருவரையும் வெளியே விடாமல் கதவைச் சாத்தி, ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"கேள்வித்தாள் முன்னாடியே வெளியே போயிருக்கு. இல்லைன்னா முப்பத்திரண்டு பேரும் ஒண்ணா எப்படி முடிப்பானுங்க? மெட்ராஸுக்குத் தந்தி அடிக்கப்போறேன். இந்தப் பரீட்சை செல்லாது!"

ஹெட்மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பெஞ்சு ஆடியது. எனக்கு மேகமலை அட்டைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன. மூலையில் பேப்பர்களை நூல் கோத்துக் கட்டிக்கொண்டிருந்த தண்டவாளம் எழுந்து வந்தார்.

"அய்யா, பிள்ளைகளை ஒண்ணும் சொல்லாதீக. தப்பு என்னுது."

"கேள்வித்தாளை நீ எடுத்தியா?"

"எழுத்தே தெரியாதவன் அத எடுத்து என்னங்கய்யா செய்யப்போறேன்? நான் எடுத்தது நேரத்த. வருசம் பூரா சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பத்துப் பத்து நிமிசமா எடுத்துப்புட்டேன்."

"எதுக்கு?"

"வருசா வருசம் பேப்பரக் கட்டுறவன் நான்தானுங்க. என்ன எழுதிருக்குன்னு தெரியாது. ஆனா கடைசிப் பக்கம் பூராப் பேருக்கும் பாதி வரியில நிக்கும். சில பேப்பருல தண்ணி சொட்டி மை கலைஞ்சிருக்கும். அது கண்ணீருன்னு எனக்குத் தெரியாதா? பாக்கச் சகிக்கலய்யா."

ஹெட்மாஸ்டருக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. "அப்ப அன்னைக்கு நான் எழுதுனப்பவும்..." என்று ஆரம்பித்து, நாங்கள் பார்ப்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டார்.

சூப்பரின்டெண்டெண்ட் லேசில் நம்புகிறவர் இல்லை. கட்டிலிருந்து பத்துப் பேப்பரை உருவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே கடிதக் கேள்விக்கு ஒருவன் மாமாவுக்கு எழுதியிருந்தான், ஒருவன் கலெக்டருக்கு. ஒருவன் விட்ட தப்பை இன்னொருவன் விடவில்லை. எல்லோரும் சொந்தமாகத் தப்பு விட்டிருந்தோம். கடைசிப் பக்கம் மட்டும் எல்லாருக்கும் முடிந்திருந்தது. அவர் தந்திக் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். எங்கள் அறியாமை எங்களைக் காப்பாற்றியது.

தண்டவாளத்தைக் காப்பாற்றவில்லை. ஹெட்மாஸ்டர் கையை நீட்டினார். கோட்டுப் பையிலிருந்த பித்தளைச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தண்டவாளம் வெளியே போனார். மறுநாளிலிருந்து மணி அடித்தது டிராயிங் வாத்தியார். தண்டவாளம் கையில் வேலை இல்லாமல் வேப்பமரத்தடியில் நின்றார். அந்த மனிதர் சிறுத்துப்போனது போல எனக்குத் தோன்றியது.

கணக்குப் பரீட்சையன்று பத்து நிமிஷம் மிச்சமிருக்க முடித்துவிட்டேன். வேப்பமரத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கேள்வித்தாளைப் புரட்டினேன். பின்பக்கத்தில் இன்னொரு கணக்கு இருந்தது. அதைப் போட்டு முடித்து, கீழே ஒரு கோடும் இழுத்தேன். மணி அடித்தது.

ஆனியில், மார்க்கு எழுதின எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வாங்கப் போனேன். பாஸ். தண்டவாளம் தாழ்வாரம் கூட்டிக்கொண்டிருந்தார். "பாஸாயிட்டேண்ணே" என்றேன். எத்தனை மார்க்கு என்று அவர் கேட்கவில்லை.

"கடைசிப் பக்கம் முழுசா எழுதுனியாலே?"

"எழுதுனேண்ணே. கோடும் போட்டேன்."

அப்போது ஹெட்மாஸ்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். என்னைக் கவனிக்காதது போலத் தண்டவாளத்திடம் சாவியை நீட்டினார். "இந்தக் கடிகாரம் கொஞ்சம் மெதுவா ஓடுதோன்னு எனக்குச் சந்தேகம். சனிக்கிழமையில மட்டும் கவனிச்சுக்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

இந்தக் கட்டுரையை வாங்கிப்போகப் பத்திரிகை ஆபீசிலிருந்து ஆள் வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. பழைய பழக்கம், முதல் வரியிலிருந்து திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இத்தனை எழுதியும், அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எங்கேயும் எழுதவில்லை. எழுதிவிட்டேன். கோடும் போட்டுவிட்டேன்.