எறும்புக்குப் போட்ட ஏழு மார்க்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பால் சுகம். மனதால் யார் சுகம், யார் சுகமில்லை என்பது போகப் போகத் தெரியும். நீங்கள், என் மகள், பேரன் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பியே பேனாவை எடுத்திருக்கிறேன். இது கறுப்புப் பேனா. சிவப்புப் பேனாவை அத்தை பூட்டி வைத்துவிட்டாள்.

கல்யாணமான புதிதில் நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் ஆசையாகச் சுருட்டிக் கொடுத்த, ஓர் ஓவியர் கையால் வரைந்த படக்கதைப் பக்கத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "ஏன் மாமா, இதே கதைதான் புத்தகமா அச்சாகிக் கடையில கிடைக்குதே, அப்புறம் எதுக்கு இந்தப் பழைய காகிதம்?" என்றீர்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். நல்ல கேள்விக்குப் பதில் பாக்கி வைப்பது எனக்குப் பிடிக்காது. இந்தக் கடிதத்தில் அதைத் தீர்த்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதற்கு முன் உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டியிருக்கிறது. அது வெட்கக்கேடான உதவி.

அந்தப் பக்கத்தை வரைந்த எறும்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு தடவை சொன்னது மனதில் நிற்கும் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. கையெழுத்துக்குப் பதிலாக மூலையில் ஓர் எறும்பை வரைந்துவிட்டுப் போகும் ஓவியர் அவர். சிறுவர் வார இதழில் குடைக்காரர் என்ற துப்பறிவாளரின் படக்கதையை வாரம் இரண்டு பக்கம் வரைந்தார். இருபத்தொன்பதாவது வயதில் காய்ச்சல் வந்து ஆறே நாளில் போய்விட்டார். பிறகு இதழும் நின்றது. அவர் கையால் வரைந்து அச்சகத்தில் கிடந்த பக்கங்களையெல்லாம் கெட்டி அட்டைக்கு உதவும் என்று பைண்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டின் அட்டை பிளந்து, உள்ளேயிருந்து குடைக்காரரின் பாதி முகம் என்னை எட்டிப் பார்த்தது அப்படித்தான். அதன் பிறகு நான் பழைய பதிவேடு எதைக் கண்டாலும் அட்டையைப் பிளந்து பார்க்கலானேன். தலைமையாசிரியர், "சார், நீங்க பசங்களுக்கு வருகை போடறீங்களா, பதிவேட்டுக்குப் பிரேதப் பரிசோதனை பண்றீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இருபத்து மூன்று வருடத்தில் பத்தொன்பது பக்கம் சேர்ந்தன. அவருடைய கடைசிக் கதை முழுதும் அதில் அடக்கம், கடைசிப் பக்கம் ஒன்றைத் தவிர.

அந்தக் கடைசிப் பக்கம் எறும்பின் அக்காவிடம் இருந்தது. அந்த அம்மாள் தையல் வகுப்பு நடத்திப் பிழைத்தவர், கறாரானவர். பாதி மை, பாதி பென்சிலாக நின்றுபோன அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தையல் மெஷினுக்கு நேரே மாட்டியிருந்தார். விலைக்குக் கேட்டபோது ஒருமுறை கதவைச் சாத்தினார். இன்னொருமுறை கதவைத் திறக்கவே இல்லை. நான் விலை பேசுவதை விட்டுவிட்டு, "மத்தப் பக்கங்களோட வரிசையா வச்சு ஒரு தடவை பாக்கணும்மா, அவ்வளவுதான்" என்று கேட்ட பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை சட்டத்திலிருந்து கழற்றித் தந்தார். "ஒரு வாரம். அடுத்த ஞாயிறு என் கைக்கு வந்துடணும். அவன் கடைசியா தொட்ட காகிதம் இது, சார்" என்றார். நான் தலையை ஆட்டிய ஆட்டில் என் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்து அதன் காது உடைந்தது. அங்கே ஆரம்பித்தது எல்லாம்.

மூக்குக்கண்ணாடி பழுதுபார்க்கப் போனதால் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். அதில் எழுத்து தெரியும், ஆள் தெரியாது. இதற்கிடையில் பக்கத்துத் தெரு அறிவியல் டீச்சருக்குக் கை முறிந்து, அவர் வகுப்புத் தாள்களைத் திருத்தித் தரச் சொல்லிக் கட்டாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பாடம் ஒளி. கேள்வி, விளக்கு ஒன்றையும் மனிதர் ஒருவரையும் வரைந்து நிழல் எங்கே விழும் என்று காட்டுக. பெரிய வரைபடத் தாளில் பென்சிலால் வரைய வேண்டும். இப்போது எறும்பின் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். பெரிய தாள். பென்சில். பக்கம் முழுக்க ஒரே படமாகக் குடைக்காரர் ஓர் அறையில் நிற்கிறார். பக்கத்தில் விளக்கு. கீழே நிழல். அத்தை மேசையைத் துடைக்கும்போது, தனியாகக் கிடந்த தாளை, ஐயோ பாவம் கட்டிலிருந்து நழுவியிருக்கிறது என்று, கட்டுக்கு நடுவில் சொருகிவிட்டாள்.

பத்து மணிக்கு உட்கார்ந்து நண்பகலுக்குள் நாற்பத்திரண்டு தாள் திருத்தினேன். நாற்பத்தொரு பேர் கொண்ட வகுப்பில் நாற்பத்திரண்டு தாள் எப்படி வந்தது என்று கட்டை மறுபடி பிரித்தேன். தேடி எடுத்தேன். விளக்கும் நிழலும் ஒரே பக்கம் இருந்ததால் நிழலைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில், "விளக்கு எங்கே, நிழல் எங்கே? ஒளி நேர்கோட்டில் செல்லும். யோசி." அதற்குக் கீழே, "மனித உருவம் நன்று. படம் முடிக்கப்படவில்லை." கடைசியில் வட்டத்துக்குள் 7/10. என் கையெழுத்து. தேதி.

அத்தை வந்து பார்த்தாள். ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தாள். அப்புறம், "உயிரோட இருக்கறவங்களைத்தான் விடமாட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

"நீதானேடி கட்டுக்குள்ள வச்சே?"

"நான் வச்சேன். மார்க் நானா போட்டேன்?"

என் மகள் விட்டுப்போன நகப்பூச்சு அழிக்கும் திரவம் அலமாரியில் இருந்தது. எதையும் நேராகப் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது என்று வகுப்பில் சொன்னவன் நான், ஆகவே முதலில் பதினான்காம் எண் மாணவனின் தாளில் ஒரு சொட்டு விட்டுத் துணியால் தேய்த்தேன். சிவப்பு மை அப்படியே இருந்தது. அவன் வரைந்த விளக்கு காணாமல் போய்விட்டது. அவனுக்குக் கூடுதலாக இரண்டு மார்க் போட்டுவிட்டு, எறும்பின் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பழைய படங்களைச் சீர்செய்யும் பிரேம் கடைக்காரரிடம் ஓடினேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "யார் சார் இப்படிக் கிறுக்கினது? பேரப்புள்ளையா?" என்றார். நான், மாப்பிள்ளை, மன்னிக்க வேண்டும், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்றரை வயதுக் குழந்தைமேல் பழி போட்டேன்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கே. என்ன படிக்கிறான்?"

"இன்னும் சேக்கலைங்க."

"சேக்காமயே மார்க்கெல்லாம் போடறானா!" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். மை காகிதத்துக்குள் இறங்கிவிட்டதாம், சுரண்டினால் குடைக்காரரும் சேர்ந்து வந்துவிடுவாராம். கூலி வாங்கிக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

இனி உதவி. உங்கள் கல்யாணப் படத்தில் என் பக்கத்தில் நின்றிருந்த யாரோ ஒருவரைக் கம்ப்யூட்டரில் அழித்து, அவர் இருந்த இடத்தில் சுவரை வரவழைத்துக் கொடுத்தீர்களே, அதே மாதிரி இந்தச் சிவப்பையும் அழித்து, அதே அளவில், அதே நிறக் காகிதத்தில் அச்சடித்துத் தர முடியுமா? போட்டோவும் அளவும் இத்துடன் இருக்கின்றன, இன்றே கூரியரில் போடுகிறேன், நீங்களும் கூரியரிலேயே அனுப்புங்கள். ஞாயிறன்று அந்த அம்மாள் கையில் அதைக் கொடுத்துவிடுவேன். அவர் சட்டத்தில் போட்டுவிட்டால் தெரியாது. பார்த்து எழுதிய பிள்ளைகளை நாற்பது வருடம் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தியவன், இன்று சொந்த மாப்பிள்ளையிடம் நகல் கேட்கிறேன். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பி கடைசியாகத் தொட்ட காகிதம் என்று நினைத்துக்கொண்டு அவர் என் பொய்யைப் பார்த்தபடி மெஷின் மிதிக்கப்போகிறார் என்ற நினைப்பு வந்துகொண்டே இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

என் மகளிடம் இதைச் சொல்ல வேண்டாம். அத்தை ஏற்கெனவே போனில் சொல்லியிருப்பாள். பேரன் என்மேல் வருத்தம் வைக்காமல் பல்லும் சொல்லும் பெருகி வளரட்டும். உங்கள் இருவருக்கும் எங்கள் அன்பும் ஆசியும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத மாமா

பின்குறிப்பு: மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் அழைப்பு மணி. அந்த அம்மாளேதான், ஞாயிறுக்கு மூன்று நாள் முன்னால். "வெறும் சட்டம் செவுத்துல தொங்குது சார். தைக்க முடியல. பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். பக்கம் மேசைமேல் பளிச்சென்று கிடந்தது. நான் மறைக்கப் போனேன், அத்தை நாற்காலியை இழுத்து அவரை அதன் முன்னாலேயே உட்கார வைத்துவிட்டாள்.

படித்தார். மறுபடியும் படித்தார். நான் கண்ணாடி, டீச்சரின் கை, ஒளிப் பாடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"மூணு மார்க் எதுக்குக் குறைச்சீங்க?"

"நிழலுக்கு ஒண்ணு. முடிக்காததுக்கு... ரெண்டு."

"முடிக்காததுக்கு அவன் என்ன பண்ணுவான் சார்?"

நேற்றுப் பழுதுபார்த்து வந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். பக்கத்தை எடுத்து ஜன்னலோரம் போனேன். பேசத் தெரியாதபோது நான் அப்படித்தான் செய்வேன், பத்தொன்பது பக்கத்தையும் அப்படிப் பார்த்தவன்தான். இதை மட்டும் திருத்துவதற்கு முன் பார்க்கவில்லை. சாய்த்துப் பிடித்ததும் அழித்த பென்சிலின் தடம் தெரிந்தது. விளக்கை முதலில் எதிர்ப்பக்கம் வரைந்திருக்கிறார். அப்போது நிழல் சரி. பிறகு விளக்கை அழித்து இந்தப் பக்கம் மாற்றியிருக்கிறார். நிழலை மாற்றவில்லை. அந்த அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இத்தனை வருடம் கண்ணாடிக்குள்ளேயே பார்த்திருந்தவர் விரலை வைத்து அந்தத் தடத்தைத் தொட்டார்.

"அப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நாளைக்கு மாத்திக்கலாம்னு வச்சிருக்கான்" என்றார்.

அத்தையிடம் சாவி வாங்கிச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். முடிக்காததற்குக் குறைத்த இரண்டையும் திருப்பிக் கொடுத்தேன், நிழலுக்கு அரை கூட்டினேன், ஏழு என்பதை அடித்து ஒன்பதரை போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.

"அந்த அரை மார்க்ல என்ன சார் கஞ்சத்தனம்?"

"நிழல் இன்னும் அங்கேயேதானே இருக்கு, அம்மா."

"சொந்தப் பொண்ணுக்கே எட்டுக்கு மேல போட்டதில்ல இவரு" என்றாள் அத்தை.

அந்த அம்மாள் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போனதிலேர்ந்து எல்லாரும் அவனைப் பிரமாதம் பிரமாதம்னுதான் சொல்றாங்க. தப்பு கண்டுபிடிச்சு யோசின்னு யாரும் சொல்லல. இன்னும் இருக்கறவன்கிட்டப் பேசற மாதிரி இருக்கு" என்றார். பக்கத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, "கட்டிலுக்கு அடியில இன்னும் பதினோரு பக்கம் இருக்கு. உங்களை நம்பலாமான்னு பார்க்கத்தான் ஒண்ணு கொடுத்தேன். கொண்டுவரேன், பார்த்துச் சொல்லுங்க. பென்சில்ல, சார். மார்க் மட்டும் சிவப்புல போடலாம்" என்றார்.

பழைய காகிதம் எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு நான் எழுத நினைத்திருந்த பதிலை விட்டுவிட்டேன். நான் கொடுத்த பக்கம் உங்கள் பீரோ மேல் சுருட்டியபடியே இருப்பதாக மகள் சொன்னாள். அதைக் கீழே இறக்கி, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் கொண்டுபோய், சற்றே சாய்த்துப் பிடித்து, கடைசிக் கட்டத்தில் குடை பிடித்திருக்கும் கையை ஒரு நிமிடம் பாருங்கள்.