மைதானத்துக்கு மூன்று வழி

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். பின் பம்பரைத் தவிர காரும் சௌக்கியம். அங்கே நீங்களும், என் மகளும், அவள் வயிற்றில் இருக்கும் குழந்தையும், உங்கள் பொறுப்பில் உள்ள கோல்ஃப் மைதானத்துப் புல்லும் செழிப்பாக இருக்கவேண்டும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். உங்கள் மலையில் செல்போன் எடுப்பதில்லை. கிளப் ஆபீஸ் போனை எப்போது அடித்தாலும் செயலாளர்தான் எடுக்கிறார். அவ்வளவு கணீரென்று பேசுகிற ஒரு பெரிய மனிதரிடம், "எனக்குப் பயமா இருக்குன்னு எங்க மாப்பிள்ளைகிட்ட சொல்லிடுங்க சார்" என்று எந்த வாயால் சொல்வது? ஆகையால் கடிதம்.

அன்று நீங்கள் கிளப் போனிலிருந்து கூப்பிட்டபோது, வருகிற ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு மேலே வந்து உங்கள் இரண்டு பேரையும் அழைத்துவருகிறேன் என்று வாயை விட்டேன் அல்லவா? மழை பிடித்துக்கொண்டால் பாதை அடைபட்டுவிடும், பிரசவ நேரத்தில் அங்கே ஒரு நர்ஸைத் தவிர யாரும் இல்லை, எங்கள் தெருக்கோடியிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, பஸ்ஸில் ஏற்றினால் தூக்கிப்போடும் என்று நீங்கள் சொன்னதெல்லாம் நூற்றுக்கு நூறு சரி. நானும் அந்த வேகத்தில், "நான் இருக்கேன் மாப்பிள்ளை, கவலையை விடுங்க" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த கையோடு எந்த வழியாகப் போவது என்று யோசிக்க உட்கார்ந்தேன். அன்று உட்கார்ந்தவன்தான், இன்னும் நிம்மதியாக எழுந்திருக்கவில்லை.

நான் என்ன வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று உங்களுக்குத் தெரியும். வாகன இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துப் பிரிவு. மற்றவர்களுக்கு ஒரு சாலை என்றால் மரம், கடை, பெட்ரோல் பங்க் என்று ஞாபகம் வரும். எனக்கு அப்படி வராது. இந்த வளைவில் ஜீப் உருண்டது, அந்தப் பாலத்தில் கல்யாண வேன் தொங்கியது, இந்தப் புளியமரத்தில் ஒரு வாத்தியார் ஸ்கூட்டரோடு ஏறினார் என்றுதான் வரும். பணியில் இருந்த காலம் முழுவதும் ஒரே ஒரு வண்டிகூட பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக என் மேஜைக்குச் செய்தி வந்ததில்லை. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தவன் எதற்காக எங்களுக்கு எழுதப்போகிறான்? உங்கள் அத்தையிடம் இதைச் சொன்னால், "ஊர்ல எல்லாரும் போய்ட்டு வந்துகிட்டுதானே இருக்காங்க?" என்கிறாள். இருக்கலாம். எனக்குத் தகவல் இல்லை.

உங்கள் கோல்ஃப் மைதானத்துக்கு மூன்று வழி இருக்கிறது. ஒரு பந்தைக் குழிக்குள் தள்ளுவதற்கு ஏன் அத்தனை உயரம் ஏறவேண்டும், சமதரையில் குழியே கிடைக்கவில்லையா என்று நான் கேட்கமாட்டேன். அது உங்கள் பிழைப்பு. முதல் வழி கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதை. இரண்டாவது, கல் குவாரி பக்கமாகச் சுற்றிப் போவது. மூன்றாவது காட்டு வழி. மூன்றிலும் எங்கள் கம்பெனி இழப்பீடு கொடுத்திருக்கிறது.

என்னோடு வேலை பார்த்த ஃபைல் மாமாவைக் கலந்து ஆலோசித்தேன். எந்த ஃபைல் எந்த அலமாரியில் என்று தூக்கத்திலும் சொல்லுவார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். "மலைப்பாதையா? வேண்டவே வேண்டாம். மூணாவது வளைவு ஞாபகமில்ல? அந்த வண்டியில டிரைவர் தொப்பி மட்டும்தானே கிடைச்சுது" என்றார். குவாரி வழியைக் கேட்டேன். "லாரி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். காட்டு வழியைக் கேட்டேன். "காட்டுப்பன்றி" என்றார். பிறகு இரண்டு பேருமாகக் காப்பி குடித்தோம்.

ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு, போய்ப் பார்ப்பது வேறு என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஒரு வெள்ளோட்டம் விடலாம் என்று உங்கள் அத்தையையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் கிளம்பினேன். முதல் வளைவு நன்றாகவே போயிற்று, அதை வளைவு என்று சொல்லமுடியாது என்பது பிறகுதான் தெரிந்தது, இரண்டாவது வளைவில் பாதி திரும்பியிருக்கிறேன், மேலே இருந்து ஒரு பஸ் இறங்குகிறது, அதன் முகம் எங்கள் கூரைக்கு மேலே தெரிகிறது, டிரைவர் கையை ஆட்டி ஏதோ சொல்கிறார், பின்னால் போ என்கிறாரா முன்னால் வா என்கிறாரா என்று புரியவில்லை, உங்கள் அத்தை, "கொஞ்சம் நிறுத்துங்க, நான் இறங்கிக்கிறேன்" என்கிறாள், என்னைத் தனியாக விட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறாளே என்று நினைத்தேன், அப்படி இல்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கி, நடுரோட்டில் நின்று பஸ்ஸை நிறுத்தி, என்னைக் குடையாலேயே பின்னால் வரச்சொல்லி, அங்குலம் அங்குலமாக அடிவாரம் வரைக்கும் இறக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பஸ் முழுவதும் எட்டிப் பார்த்தது. பம்பர் மைல்கல்லில் இடித்தது அப்போதுதான். வீட்டுக்கு வந்து குடையை மடித்து வைத்துவிட்டு, "இதுல பிள்ளைத்தாச்சியை வேற ஏத்திக்கிட்டு வரப்போறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்தது குவாரி வழி. இதற்கு ஒரு யுக்தி செய்தேன். லாரியைப் பார்த்துப் பயப்படுவதைவிட, லாரிக்குப் பின்னாலேயே போய்விட்டால் என்ன? லாரி டிரைவருக்குப் பாதை அத்துப்படி, அவர் போகிற தடத்திலேயே போனால் ஆபத்தில்லை என்பது என் கணக்கு. நிதானமாகப் போகிற ஒரு லாரியைப் பொறுக்கி எடுத்து அதன் பின்னால் ஒட்டிக்கொண்டேன். அது திரும்பினால் நானும் திரும்பினேன், அது நின்றால் நானும் நின்றேன், அது ஹாரன் அடித்த இடத்தில் நானும் அடித்தேன், ஒரே புழுதி, முன்னால் அதன் பின் விளக்கு மட்டும்தான் தெரிகிறது, எனக்கு அப்படியொரு தெம்பு. புழுதி அடங்கியபோது சுற்றிலும் பாறை. குவாரிக்குள்ளேயே போய்விட்டேன். லாரி எடைமேடையில் ஏறி இறங்கிற்று. பின்னால் ஒரு வண்டி வரிசையில் நிற்கவே, நானும் ஏறவேண்டியதாயிற்று. எடை போடுகிறவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சார், லோடு எங்கே?" என்றார். உங்கள் அத்தை என்னைக் காட்டினாள்.

அவர் சிரித்ததைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அவர் எங்களை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, "ஐயா, இப்ப வெடி வைப்பாங்க, சங்கு ஊதினதும் காதைப் பொத்திக்குங்க" என்று சாவகாசமாகச் சொன்னாரே, அப்போது கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துகொண்டேன். பூமி அதிர்ந்தபோது நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். இந்த வழியாக அவளை அழைத்துவந்து, அந்த நேரம் பார்த்து இது வெடித்தால், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத் தூக்கிப்போடாதா?

காட்டு வழிக்கு நான் வெள்ளோட்டமே போகவில்லை. காரைச் சரிபார்க்கும் மெக்கானிக்கிடம் விசாரித்ததோடு சரி. "அருமையான ரோடு சார். ஒரு ஈ காக்கா இருக்காது" என்றார். ஒரு ஈ காக்கா இல்லாத இடத்தில் கார் நின்றுபோனால் என்ன செய்வது என்று கேட்டேன். "நிக்காது சார்" என்றார். நின்றால்? "நின்னா எனக்கு ஒரு போன் அடிங்க." அங்கே போன் எடுக்குமா? சற்று யோசித்துவிட்டு, "எடுக்காதுல்ல" என்று பம்பரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

போகட்டும், மூன்றில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தாலும், மூன்றும் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து உங்கள் மைதானத்தை ஒட்டியே போகின்றன. அந்த இடத்தில், 'பந்து வரும், பார்த்துச் செல்லவும்' என்று ஒரு போர்டு இருப்பதை நான் எங்கள் ஆபீஸ் ஃபைல் போட்டோ ஒன்றில் பார்த்திருக்கிறேன். போட்டோவில் போர்டுக்குக் கீழே ஒரு கார், கண்ணாடியில் ஒரு ஓட்டை. பார்த்துச் செல்லவும் என்றால் எதைப் பார்ப்பது? பாதையைப் பார்ப்பதா, வானத்தைப் பார்ப்பதா? அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓட்டிய ஒருவரின் ஃபைலும் எங்களிடம் இருந்தது.

மாப்பிள்ளை, இவ்வளவு நேரம் சுற்றி வளைத்து எழுதிவிட்டேன். இனி நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. என் உயிருக்காக இல்லை. பின் சீட்டில் அவள் இருப்பாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பேன். அந்த இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் கை வேர்க்கிறது, சாப்பாடு இறங்குவதில்லை. பெற்ற பெண்ணைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கத் துப்பில்லாத அப்பன் என்று நீங்கள் நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. எனக்காகக் காத்திருக்காமல், கைப்பழக்கம் உள்ள ஒரு டிரைவராகப் பார்த்து வேறு ஏற்பாடு செய்து, மெதுவாக, மிக மெதுவாக இறங்கி வரவும். அவளிடம் காருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு பேரும் எல்லா நலனும் பெற்று நீண்ட காலம் வாழவேண்டும். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அத்தையின் நெஞ்சுறுதி அமையட்டும், என்னுடையது வேண்டாம். செயலாளருக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மீது மாறாத அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பது எதையும் பொருட்படுத்த வேண்டாம். இதை நான் உங்கள் வீட்டுத் திண்ணைப் படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். இன்று சனிக்கிழமை காலை, இன்றைக்கே மேலே போய்விடும் என்று நம்பி, கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வரும்படி உங்கள் அத்தை அனுப்பினாள். தபால் ஆபீஸில் இருந்த பெண், விலாசத்தைப் பார்த்துவிட்டு, "மலைக்குத் தபால் பை செவ்வாய்க்கிழமைதான் சார் போகும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செவ்வாய்க்கிழமை என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து என் பெண் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பாளே, அப்பா இதோ வருவார் அதோ வருவார் என்று எழுந்து எழுந்து பார்ப்பாளே, இருட்டும் வரை சாப்பிடமாட்டாளே, வழியில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இந்த நிலைமையில் பயந்துவிடுவாளே! நான் வரவில்லை என்பதை எப்படியாவது இன்றைக்கே தெரிவித்தாகவேண்டும் என்று காரில் ஏறினேன். அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை, கிளப் போன்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. எந்த வழியாக வந்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. வளைந்தது. புழுதி இருந்தது. ஏதோ ஒன்று குறுக்கே ஓடிற்று. ஒரு லாரி என்னைப் பார்த்து ஹாரன் அடித்தது, நான் அதைவிடச் சத்தமாக அடித்தேன்.

இங்கே வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. கேட் வாட்ச்மேன் ஓடிவந்தார். "நீங்கதான் அப்பாவா? அவங்க காலையிலேயே இறங்கிட்டாங்களே! விளையாட வந்த டாக்டரம்மா வண்டியில, பின்னாடி ரெண்டு தலையணை போட்டு, சாரும் கூடவே போயிருக்கார்" என்றார். நாளைக்கு நான் வருவதாக இருந்ததே என்றேன். "அதனாலதான் சார் அவசரமா கிளம்பினாங்க. 'எங்கப்பாவுக்கு மலை ரோடுன்னா உயிரே போயிடும், வாயைத் திறந்து சொல்லமாட்டார், அவர் கிளம்பறதுக்குள்ள நாம போய்ச் சேர்ந்துடணும்'னு சொல்லிக்கிட்டே ஏறினாங்க."

மாப்பிள்ளை, நான் அந்த மனிதருக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய், கொஞ்சம் சிக்னல் கிடைக்கும் என்று என்னை ஒரு மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்கு அடித்தேன். அவள்தான் எடுத்தாள். "அப்பா! நாங்க வந்து சாப்பிட்டே முடிச்சாச்சு. அம்மா உங்களைத் தேடிக்கிட்டு போஸ்ட் ஆபீசுக்குப் போயிருக்காங்க. நீங்க எங்கப்பா இருக்கீங்க?" என்றாள். உன் வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். குழந்தை குலுங்கப்போகிறது, சிரிக்காதே என்று நான் கத்தும்போதே போன் கட்டாகிவிட்டது. பிறகு எவ்வளவு தூக்கிப் பிடித்தும் கிடைக்கவில்லை.

அவள் பத்திரமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும், காலையிலிருந்து எங்கேயோ போயிருந்த பயம் மொத்தமும் ஒரேயடியாக என்னிடம் வந்துவிட்டது. இப்போது கீழே எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை. இந்தக் கடிதத்தில் உங்கள் விலாசத்தை அடித்துவிட்டு என் விலாசத்தை எழுதிப் பால் வேன்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் மூன்றில் எந்த வழியாக இறங்கினீர்கள் என்று எழுதி அவரிடமே கொடுக்கவும். அதுவரை உங்கள் புல்லை நான் பார்த்துக்கொள்கிறேன்.