ஆறாம் மாடி லிஃப்டும் பூட்டிய கணக்கும்

இந்த முறை யாரையும் கேட்பதில்லை என்று மோ தேஷான் முடிவெடுத்துவிட்டார். முடிவெடுத்த இடம் கழிப்பறை. வீட்டில் அவர் சுதந்திரமாக முடிவெடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அதற்கும் தாழ்ப்பாள் சரியில்லை.

செங்டு நகரப் பேருந்துப் பணிமனையில் அவர் மெக்கானிக். எவ்வளவு முரண்டு பிடிக்கிற இன்ஜினும் அவர் சொன்னால் கேட்கும். வீட்டில் அவர்தான் கேட்பார். பெண்டாட்டி பேச்சைத் தட்டாதவனுக்கு செங்டுவில் ‘மெத்துக்காது’ என்று பட்டப்பெயர். ஊரில் பாதி ஆண்கள் மெத்துக்காதுதான். அந்தப் பாதிப் பேரே ஆற்றங்கரைத் தேநீர்க் கடையில் மாஜாங் ஆட உட்கார்ந்தால் தேஷானைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். அவர் காது எவ்வளவு மெத்தென்று இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அந்த மாஜாங் கூட்டத்து லியாவ் ஒரு புதுத் தூண்டிலோடு கடைக்கு வந்தார். கருகருவென்று, இறகு கனம். எல்லோரும் தடவிப் பார்த்தார்கள்.

“நீயும் ஒண்ணு வாங்கேன் தேஷான்.”

“வாங்குறேண்ணே.”

“யாரக் கேட்டு?”

“யாரக் கேக்கணும்? என் சம்பளம், என் வீட்டு நிதி!”

“அப்படிப் போடு! ஞாயித்துக்கிழமை ஏரிக்குத் தூண்டிலோட வா. வரலேன்னா எங்க எல்லாருக்கும் புழு கோத்துக் குடுக்கிற வேல உனக்குத்தான்.”

வீட்டு நிதி என்பது மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து அரசாங்கம் பூட்டி வைக்கும் பணம். வீட்டுக்கென்று காரணம் காட்டினால்தான் வெளியே வரும். தூண்டில் வீட்டில் சேராது. ஆனால் லிஃப்ட் சேரும். அவர்கள் குடியிருந்த பழைய கட்டடத்துக்கு லிஃப்ட் வைக்கப் போகிறார்கள். சனிக்கிழமைக்குள் செலவில் பங்கு கொடுத்த வீட்டுக்குத்தான் லிஃப்ட் அட்டை. மற்றவர்களுக்குப் படிக்கட்டு.

தேஷானின் வீடு ஆறாவது மாடி. மனைவி யுன்ஷியாவுக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. காய்கறிப் பையோடு ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்றுதான் ஏறுவாள். “உன் நிதியிலேர்ந்து எடுத்துக் கட்டிடுய்யா” என்று அவளே சொல்லியிருந்தாள்.

திட்டம் இதுதான். லிஃப்டைக் காரணம் காட்டிப் பணத்தை எடுப்பது. நிதி ஆபீஸில் தர மறுத்துவிட்டார்கள் என்று வீட்டில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வது. பிறகு நேராகத் தூண்டில் கடை. முழங்கால் ஞாபகம் வந்தபோது தேஷானுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் வெட்கத்தை மறந்தார்.

கடவுச்சொல் எப்போதோ மறந்துபோயிற்று. முகத்தைக் காட்டினாலும் கணக்கு திறக்கும் என்று கைபேசி சொன்னது. காட்டினார். ‘கண்ணைச் சிமிட்டவும்’ என்றது. சிமிட்டினார். ‘முகம் பொருந்தவில்லை.’ அதனிடம் இருந்த படம் தலை நிறைய முடி இருந்த காலத்துப் படம். அதன்மேல் தப்பில்லை. ஆனாலும் தேஷான் விடவில்லை. சிமிட்டு சிமிட்டென்று சிமிட்டினார்.

கதவு திறந்தது.

“என்னய்யா கண்ணுக்கு?”

கைபேசி சட்டைப் பைக்குள் போயிற்று. “தூசி.”

“கக்கூஸ்ல ஏதுய்யா தூசி? வா, மருந்து விடறேன்.”

கண் மருந்தா, மிளகாய்ச் சாறா தெரியவில்லை. கண் இரண்டும் தக்காளியாயின.

மறுநாள் ‘வாயைத் திறக்கவும்’ என்றது. ஆவென்று திறந்த வாய் மூடுவதற்குள் கதவு திறந்தது.

“பல்லு வலி” என்றார், அவள் கேட்பதற்கு முன்னாலேயே.

“ஐயோ பாவமே!”

அன்று இரவு தேஷானுக்கு உப்பில்லாத கஞ்சி. எதிரே உட்கார்ந்து யுன்ஷியா செங்டுக்காரர்கள் உயிரை விடுகிற, மிளகாய் எண்ணெயில் ஊறிய முயல் தலைகளை ஒவ்வொன்றாகக் கடித்து உறிஞ்சினாள்.

“ஒண்ணே ஒண்ணு...”

“பல்லு வலிக்கு எலும்பா? உன் நல்லதுக்குத்தான்யா சொல்றேன். கஞ்சியக் குடி.”

மூன்றாம் நாள் ‘தலையை மேலும் கீழும் ஆட்டவும்’ என்றது. அதுவரை யாருக்கும் தலையாட்டாத வீரனைப்போல விறைப்பாக ஆட்டினார். பொருந்தவில்லை. இன்னும் விறைப்பாக ஆட்டினார். கணக்கு பூட்டிக்கொண்டது. நேரில் வா என்றது. கழுத்துப் பிடிப்பு என்று சொன்னதற்கு, ஊரே மணக்கிற மூலிகைப் பட்டையைக் கழுத்தைச் சுற்றி ஒட்டிவிட்டாள் யுன்ஷியா.

வெள்ளிக்கிழமை சிவந்த கண்ணும் வாடிய வயிறும் பட்டை போட்ட கழுத்துமாக தேஷான் நிதி அலுவலகத்தில் போய் நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார்கள். கவுன்டரில் ஒரு சின்னப் பெண்.

“பூட்ட எடுத்துடலாம் மாமா. பதிவான நம்பருக்கு ஒரு கோட் வரும், சொல்லுங்க.”

தேஷான் கைபேசியைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. தட்டிப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. தினமும் சமையலறையில் கேட்கிற அதே டிங்.

திரும்பினார். பின் வரிசை நாற்காலியில் முழங்காலைத் தேய்த்தபடி யுன்ஷியா.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேலையில் சேர்ந்த காலத்தில் வீட்டுக்கு ஒரே கைபேசி, அது அவளிடம். புது மாப்பிள்ளை மிதப்பில், “எனக்கு வர்றதெல்லாம் என் பெண்டாட்டிக்கே போகட்டும்” என்று அவள் எண்ணை எழுதிக்கொடுத்தவர் அவரேதான். மெத்துக்காது என்றால் அன்றைக்கு அவருக்குப் பெருமை.

“நீ... எப்படி இங்க?”

“ஒவ்வொரு தடவையும் மெசேஜ் எனக்குத்தான்யா வந்துச்சு. ‘மோ தேஷானின் கணக்கில் யாரோ நுழையப் பார்க்கிறார்’னு. திருடன்னு பயந்து உன்கிட்ட சொல்லத்தான் மொத நாள் கதவத் திறந்தேன். பாத்தா நீ உக்காந்து கண்ணடிச்சுக்கிட்டிருக்க. கணக்கு பூட்டிடுச்சு, ஆபீஸுக்கு நேர்ல வாங்கன்னு வந்ததும் எனக்குத்தான்.”

“அப்போ அந்தக் கஞ்சி?”

“பல்லு வலின்னு நீதானே சொன்ன?”

“தூண்டில்...”

“அதுவும் தெரியும். லியாவ் பெண்டாட்டி சொல்லிட்டா. அந்தத் தூண்டிலே அவ வாங்கிக் குடுத்ததுதானாம். பொறந்த நாளுக்கு. அவரும் உன்ன மாதிரி வீரர்தான்.”

சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். நாற்காலிக் கையைப் பிடித்து, பல்லைக் கடித்து, மெல்ல எழுந்தாள். இந்தக் காலோடு ஆறு மாடி இறங்கி வந்திருக்கிறாள். திரும்பிப் போய் ஆறு மாடி ஏறவும் வேண்டும். தேஷானுக்கு அவமானமாக இருந்தது. மாட்டிக்கொண்ட அவமானம் அல்ல அது. கஞ்சி குடித்தபோதும் பட்டை நாறியபோதும் வராத அவமானம். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று தரையைப் பார்த்தார். தரை டைல்ஸ் போட்டுக் கெட்டியாக இருந்தது.

யுன்ஷியா தன் கைபேசிக்கு வந்த கோட் எண்ணைச் சொன்னாள். அந்தப் பெண் தட்டிக்கொண்டே சின்னக் கேமராவை தேஷான் பக்கம் திருப்பினாள்.

“கடைசியா ஒரு தடவ முகத்தக் காட்டுங்க மாமா. தலைய மேலயும் கீழயும் ஆட்டுங்க.”

ஆட்டினார். ‘முகம் பொருந்தவில்லை.’

“இயல்பா ஆட்டுங்க மாமா. வீட்ல எப்படி ஆட்டுவீங்களோ அப்படி.”

மறுபடி ஆட்டினார். ‘முகம் பொருந்தவில்லை.’ பின்னால் வரிசை முணுமுணுத்தது. யுன்ஷியா நொண்டிக்கொண்டே வந்து கேமராவுக்கு மேலே முகத்தை நீட்டி நின்றாள்.

“ஏய்யா, இந்தப் பணம் லிஃப்டுக்குத்தானே?”

தேஷானின் தலை மேலும் கீழும் அசைந்தது.

“இன்னிக்கே கட்டி, எனக்கு அட்ட வாங்கிட்டுத்தானே வீட்டுக்கு வருவ?”

மறுபடி அசைந்தது.

“ஞாயித்துக்கிழம ஏரிக்குப் போய்ப் புழு கோத்துக் குடுப்பியா?”

அதற்கும் அசைந்தது.

இத்தனை நாளாக அவரை யாரென்றே தெரியாமல் இருந்த கணக்கு, ‘வணக்கம், மோ தேஷான்’ என்றது.