பூஜ்ஜியம் கலோரி பாயசம்

என் தங்கைக்கு வந்த நல்ல சம்பந்தத்தை ஒரு டம்ளர் பாயசத்தால் கெடுக்கப் பார்த்தவன் நான். (கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. பசிதான்.)

இண்டூரில் உரக்கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வியாபாரம். ஒருநாள் மூட்டை நிறுக்கும் தராசில் விளையாட்டாக ஏறி நின்றேன். இரண்டு மூட்டை யூரியாவுக்கு மேலே காட்டியது. டாக்டர் பத்துக் கிலோ குறைக்கச் சொன்னார். அதற்காக ஆன்லைனில் வரவழைத்ததுதான் அந்த நூடுல்ஸ். ஏதோ கிழங்கு மாவில் செய்ததாம், எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாதாம். பாக்கெட்டுக்குள் ஏதோ தண்ணீரில் கண்ணாடி நூல் மாதிரி மிதந்தது.

அந்த வெள்ளிக்கிழமை என் தங்கை கவிதாவைப் பெண் பார்க்கப் பாலக்கோட்டிலிருந்து வந்திருந்தார்கள். தக்காளி மண்டிக் குடும்பம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அப்பா இல்லாத வீட்டில் பொறுப்பு என்னுடையது. என் மனைவி செல்வி பாலை அடுப்பில் வைத்து, வறுத்த சேமியாவைப் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டு, "கவிதாவுக்குத் தலை பின்னிட்டு வரேன். பால் பொங்குனா சேமியாவப் போட்டுக் கிண்டுங்க, அது போதும்" என்றாள்.

எனக்குப் போதவில்லை. மூன்று வாரமாக இனிப்பே தொடாதவன். சேமியாவுக்குப் பதில் என் நூடுல்ஸைப் போட்டால் நானும் வயிறாரக் குடிக்கலாமே என்று தோன்றியது. (பாலும் சர்க்கரையும் முந்திரியும் அதில் இருப்பது என் மூளைக்கு எட்டவில்லை.) நான்கு பாக்கெட்டை வெட்டி, அந்தத் தண்ணீரோடு அப்படியே கொட்டினேன். மீன் வாடை போக நன்றாக அலசிய பிறகே சமைக்க வேண்டும் என்று பின்பக்கம் எழுதியிருந்ததைப் பிற்பாடுதான் படித்தேன்.

டம்ளர் கைக்கு வந்ததும் முதலில் மூக்கைச் சுளித்தவர் மாப்பிள்ளையின் அம்மா.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்களே. பாயசத்துல கவுச்சி வாடை அடிக்குதுங்க."

"ஏலக்காய் தூக்கலாப் போயிருச்சுங்க" என்றேன்.

அதற்குள் அவர் கணவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டார். ஒரு நூல் உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. பல்செட் கட்டியவர்; கடித்துப் பார்த்தார், வழுக்கியது. விரலால் பிடித்து வெளியே இழுத்தார். கை தலைக்கு மேலே போன பிறகும் மறுமுனை வாய்க்குள்ளேயே இருந்தது.

"தம்பி, இது உர மூட்டை தைக்கிற நூலுங்களா?"

உரக்கடைக்காரன் வீட்டில் அது நியாயமான சந்தேகம்தான். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, காலி பாக்கெட்டை ஓடிப்போய் எடுத்து வந்து நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பூஜ்ஜியம் கலோரி. அப்படின்னா?"

"சாப்பிட்டா உடம்புல ஒண்ணும் சேராதுங்க."

"ஒண்ணும் சேராதுன்னு அவனே எழுதி விக்கிறானா? எங்க தக்காளியில ஒரு சொத்தை இருந்தாலே கூடையத் திருப்பி அனுப்பறாங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பொண்ணு வூட்ல விருந்தாளிக்குப் போடறதே இதுன்னா, கெளம்பலாம்."

கதவோரம் நின்ற கவிதாவின் கண் கலங்கிவிட்டது. செல்வி என்னைப் பார்த்த பார்வையில் நான் அப்போதே ஐந்து கிலோ குறைந்திருப்பேன்.

"இருங்கப்பா" என்றார் மாப்பிள்ளை. அவருடைய டம்ளர் காலியாக இருந்தது. ஒரு நூல் கூட மிச்சமில்லை. என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "மச்சான், இது எங்க வாங்குனீங்க? ரெண்டு மாசமா தொப்பையக் குறைக்க நானும் படாதபாடு படறேன்" என்றார்.

பெண்ணை இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, என்னை மச்சான் என்றுவிட்டார். கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மாப்பிள்ளையின் அப்பா மெல்ல உட்கார்ந்தார்.

"ரெண்டு மாசமா நீ சோத்தக் கொறிச்சிட்டு எந்திரிச்சது இதுக்குத்தானா? நானு எவளோ ஏமாத்திட்டான்னு நெனச்சிட்டிருந்தேன்."

செல்வி சேமியாவில் வேறு பாயசம் வைத்தாள், என்னை வெளியே விட்டு அடுப்படிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு. தை மாதம் கல்யாணம் நடந்தது.

அதிலிருந்து இரண்டு வீட்டு விசேஷத்திலும் பாயசம் வந்ததும் யாரும் உடனே குடித்துவிடுவதில்லை. சம்பந்தியம்மா ஒரு கரண்டி எடுத்து உயரத் தூக்கி, சேமியா அறுந்து விழுகிறதா என்று பார்ப்பார். விழுந்த பிறகுதான் பரிமாறுவார்கள். போன மாதம் கவிதாவின் மகனுக்குக் காதுகுத்து. புது உறவினர் ஒருவர் இதைப் பயபக்தியோடு பார்த்திருந்துவிட்டு, "இது உங்க குலசாமி வழக்கங்களா?" என்று செல்வியிடம் கேட்டார்.

"ஆமாங்க" என்று அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். "சாமி அதா, இலை போட்டு உக்காந்திருக்குது பாருங்க."